எங்கள் பூர்வீக வீட்டை முதலில் கட்டியவர் யார்? (புதுச்சேரி, தமிழர் பகுதி)

வடக்குவாசல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. வடக்குப் பார்த்த வாசல். தெருவை ஒட்டி மரக்கால் நட்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் திண்ணை, நிலைக்கதவு, ரேழி, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண்கள், பின்கட்டில் அடுப்படி, கிணறு. இது கீழே. படியேறி மெத்தைக்கு, அதாவது மாடிக்கு, போனால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். ஆளுயரத்துக்கும் மேலான சன்னல்கள், சாய்பலகைக் கதவுகள், உருண்டைத் தூண்கள், கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பில் செய்த பூச்சாடிகள்.

தூய்ப்ளே துரை இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது எங்கள் மூதாதை ஒருவர் துபாஷாக, அதாவது துரைமாருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்தார், துரையே வந்து இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், வீடு அவர் கட்டியது. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது இது. பெரியப்பா, சித்தப்பா யாரைக் கேட்டாலும் கதை மாறாது. அந்த மூதாதையின் பெயரைக் கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

இப்போது பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிறது. பங்காளிகளில் பாதிப் பேர் பிரான்சில். ஒரு பில்டர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டும் போய்விட்டார். விற்பதா வைத்துக்கொள்வதா என்பது பெரியவர்கள் கையில். ஆனால் யாருடைய வீட்டை விற்கிறோம் என்றாவது தெரிந்து விற்க வேண்டாமா?

கையில் இருப்பது இரண்டுதான். தகரப் பெட்டியில் பிரெஞ்சில் எழுதிய ஒரு காகிதக் கட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. அப்புறம் வாசல் நிலைக்கு மேல் இரும்புக் கம்பி வளைவில் இரண்டு பிரெஞ்சு எழுத்துகள். ஒன்று எங்கள் குடும்பப் பெயரின் முதலெழுத்து. இன்னொன்று ‘எம்’. எங்கள் வம்சத்து ஆண்களில் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் யாருக்கும் இல்லை. குடும்பப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார், அதனால் இங்கே எழுதவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.


வைசியாள்வீதி எழுதியது:

அக்கா, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்புங்கள். கீழே தமிழ்க் கட்டு, மேலே பிரெஞ்சுக் கட்டு என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டின் அமைப்பு. அங்கேயும் கீழே செதுக்கிய மரத்தூண், மேலே வெள்ளை உருண்டைத் தூண். பெரிய மார்க்கெட் பக்கத்தில் இன்றும் நிற்கிறது, 1738 வாக்கில் கட்டியது. அந்தக் காலத்து துபாஷ்கள் தங்கள் ஊர் வழக்கத்தையும் விடாமல் துரைமார் வந்தால் உட்கார இடமும் வைத்துக் கட்டினார்கள். உங்கள் வீடும் அந்த வரிசைதான் என்று எனக்குப் படுகிறது.

நம் ஊரில் எழுதி வைத்தவர்கள் குறைவு. வாய்வழியாக வந்ததை உதறிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.


மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

நான் கடலூரில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வி என் மனதுக்கு நெருக்கமானது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தூய்ப்ளே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அந்தக் காலத்தில் கும்பினியின், அதாவது பிரெஞ்சு வியாபாரக் கம்பெனியின், தலைமை துபாஷ் முதலில் கனகராய முதலியார். ஒழுகரையில் 1745இல் கோயில் கட்டியவர், 1746 தொடக்கத்தில் காலமானார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஆகவே தலைமை துபாஷ் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் துபாஷ் என்றால் அந்த ஒருவர் மட்டும் என்று எண்ண வேண்டாம். வியாபாரம் செய்த ஒவ்வொரு வெள்ளைக்காரரிடமும் ஒரு துபாஷ் இருந்தார். சரக்கு பேசுவது, தறிகாரருக்கு முன்பணம் கொடுப்பது, கணக்கு வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. உங்கள் மூதாதை அப்படி ஒருவராக இருந்திருக்கலாம். அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1761 ஜனவரி 16 அன்று பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் மாதக்கணக்கில் முற்றுகை போட்டு, உள்ளே சோற்றுக்கே வழியில்லாத நிலையில் ஊர் சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே ஜனவரிதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். சென்னைக் கவர்னர் பிகட் உத்தரவில் கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் ஊரையும் திட்டம் போட்டு இடித்தார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தாரே, அதற்குப் பதிலடி. 1763 உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்து, 1765இல் பிரெஞ்சு கவர்னர் லா தெ லொரிஸ்தோன் வந்து இறங்கியபோது கண்டது செங்கல் மேடுகளை. ஓடிப்போன சனங்கள் திரும்பி வந்து, பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள்.

அதோடும் நிற்கவில்லை. 1778இல் மறுபடி ஆங்கிலேயர், 1785இல் மறுபடி பிரெஞ்சு, 1793இல் மறுபடி ஆங்கிலேயர். கடைசியாக 1816இல்தான் நிலையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இப்படிக் கை மாறிக்கொண்டிருந்த ஊரில் தூய்ப்ளே காலத்து மெத்தை வீடு ஒன்று ஓட்டை உடைசல் இல்லாமல் நிற்பது அபூர்வம். முடியாதது என்று சொல்லவில்லை, அபூர்வம் என்கிறேன். கிணறும் அஸ்திவாரமும் பழசாக இருக்கலாம். அதன் மேல் நிற்கும் சுவர் வேறு காலத்ததாக இருக்கலாம். கேட்கும்போதே கிணற்றுக்கு ஒரு கேள்வி, கீழ்க்கட்டுக்கு ஒரு கேள்வி, மெத்தைக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாகக் கேளுங்கள்.


வைசியாள்வீதி எழுதியது:

ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். ஊரையே இடித்தார்கள் என்றால் ரங்கப் பிள்ளை வீடு எப்படி நிற்கிறது?


மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

நியாயமான கேள்வி, தம்பி. ஆங்கிலேயரின் ஆத்திரம் முதலில் கோட்டை மேலும் வெள்ளையர் பகுதி மேலும்தான். தமிழர் பகுதியில் ஒன்றிரண்டு தப்பின. அந்த வீடு நிற்கிறது என்பதால் எல்லா வீடும் அப்போதே நின்றது என்று ஆகாது. அந்த வீட்டின் வயதைச் சொல்ல நமக்கு வேறு சான்று இருக்கிறது. 1736 முதல் சாகும் வரை அவரே நாட்குறிப்பு எழுதி வைத்தார். அது வீட்டிலேயே கிடந்து, 1846இல் வெளியே வந்து, பிறகு சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 பாகமாக இங்கிலீஷில் போட்டது. அப்படி ஒரு சான்று ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்காது. கிடைக்காத வீட்டுக்கு அந்த வயதைக் கொடுப்பதில்தான் எனக்குத் தயக்கம்.

எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமம் என்றே பேர் நின்றுவிட்டது. முதுநகர்ப் பக்கம் கொஞ்சம் பழைய வீடாக இருந்தால் போதும், கிளைவ் தங்கின வீடு என்பார்கள். எத்தனை வீட்டில்தான் அவர் தங்கியிருப்பார்? பெரிய பெயர் ஒன்று வீட்டோடு ஒட்டிக்கொண்டால், உண்மையில் கட்டியவர் பெயர் கீழே போய்விடுகிறது. எனக்கு வருத்தம் அங்கேதான்.


மேஸ்திரி மகன் எழுதியது:

சார் ரெண்டு பேரும் சண்டை வேணாம், கட்டடத்தையே கேட்டுடலாம். நாங்க மூணு தலைமுறையா சுண்ணாம்பு வேலை. இந்தத் தெருக்கள்ல எங்க அப்பா கை படாத முற்றம் கம்மி.

அக்கா, முதல்ல மேல் தளத்தைக் கீழிருந்து அண்ணாந்து பாருங்க. தேக்குச் சரம் அடுத்தடுத்து ஓடும். நடுவுல சன்னமான செங்கலை, ஆறு அங்குல நீளம், மூணு அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம், செங்குத்தா மூலைவாட்டமா குத்தி அடுக்கியிருந்தா அது மெட்ராஸ் டெரஸ். அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிச்சு, மேல தட்டோடு பதிச்சிருப்பாங்க. இது ரொம்ப காலம் ஓடின முறை, வயசு சொல்லாது. ஆனா சரத்துக்குக் கீழ இரும்பு உத்திரம் தாங்கலா இருந்தா, அதோட விலாவுல பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க. கம்பெனி பேரு எழும்பி இருக்கும். அது வயசு சொல்லும். உத்திரம் முனை சுவருக்குள்ள எப்படி உட்கார்ந்திருக்குன்னும் பாக்கணும். சுவர் கட்டும்போதே வச்சதா, பின்னால உடைச்சு நுழைச்சதான்னு பூச்சு காட்டிக் கொடுத்துடும்.

ரெண்டாவது, ஓடு. தெருத் தாழ்வாரத்துல நாட்டு ஓடா, மங்களூர் ஓடா? மங்களூர் ஓடுன்னா ஒண்ணை எடுத்துத் திருப்புங்க. அடிப்பக்கம் பேக்டரி பேரு இருக்கும். அந்த ஓடு வார்க்கவே ஆரம்பிச்சது பாசல் மிஷன்காரங்க 1865ல. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சு ஊர்ல பாதி ஓடு தெருவுல கிடந்தப்போ நான் அப்பா கூட நின்னு ஒவ்வொண்ணா திருப்பிப் படிச்சிருக்கேன். ஆனா ஓடு மாத்துறது சாதாரணம், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது.

மூணாவது, பூச்சு. மெத்தைத் தூணைக் கையால தடவிப் பாருங்க. கண்ணாடி மாதிரி வழவழன்னு குளிர்ச்சியா இருந்தா அது ஊறவச்ச சுண்ணாம்பை அம்மியில அரைச்சு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்சது. அதை சிமென்ட்டால மூடியிருந்தா தயவுபண்ணி உடனே எடுத்துடுங்க. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும். சிமென்ட் பூசினா உள்ள ஈரம் தங்கி, செங்கல் மாவா உதிரும். இந்த ஊர்ல பழைய வீடு விழுறது பெரும்பாலும் வயசால இல்ல, இந்தத் தப்பு வைத்தியத்தாலயும் மழைத்தண்ணி போக வழியடைச்சதாலயும்தான். 2014 நவம்பர் மழையில பழைய நகராட்சி மேரி கட்டடம் சரிஞ்சு விழுந்ததைப் பாத்தோமே.


சொல்தா பேரன் எழுதியது:

பாரிசுப் பக்கம் இருக்கிறேன். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகரப் பெட்டி உண்டு. அதனால் சொல்கிறேன், அக்கா, அந்தக் காகிதக் கட்டுதான் உங்கள் புதையல். உத்திரமும் ஓடும் காலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்வது நொத்தேர் பத்திரம். நொத்தேர் என்றால் பத்திரம் எழுதிப் பதியும் பிரெஞ்சு அதிகாரி.

பிரெஞ்சு முறையில் சொத்து வாங்கினால் நொத்தேர் முன்னால் ஆக்ட், அதாவது பத்திரம், எழுத வேண்டும். மூலம் நொத்தேரிடமே தங்கிவிடும், கட்சிக்காரருக்குக் கிடைப்பது முத்திரை போட்ட நகல். அதில் வாங்குபவர், விற்பவர், அவரவர் தகப்பன் பேர், தொழில், குடியிருக்கும் இடம், பிறகு வீட்டின் நாற்சீமை எல்லாம் வரும். இவற்றைவிட முக்கியம், ‘சொத்து வந்த வழி’ என்று ஒரு பகுதி. விற்பவருக்கு இது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது, எந்த நொத்தேர், எந்த நாள் என்று பின்னோக்கிப் போகும். ஒரே பத்திரத்தில் இரண்டு மூன்று தலைமுறை உரிமையாளர்கள் கிடைத்துவிடுவார்கள். முதலில் அந்தப் பத்தியைத் தேடுங்கள்.

உங்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ஒரு தடயம். 1819இல் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியே சட்டம் என்று உறுதி சொன்னது. 1881 செப்டம்பர் 21 ஆணை வந்த பிறகு, விருப்பப்பட்டவர்கள் அந்த வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போகலாம் என்று ஆனது. போகிறவர் தனக்கும் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயர் எடுத்தாக வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, கோர்ட்டுக்குள் சப்பாத்து (ஷூ) போட்டு வந்தார் என்று தண்டித்தபோது பாரிஸ் வரை போய் வென்றவர், ‘லாபோர்த்’ என்று பெயர் எடுத்தது அப்படித்தான். ஆகையால் உங்கள் குடும்பப் பெயர் பத்திரத்தில் இருந்தால் அந்தப் பத்திரம் பெரும்பாலும் 1881க்குப் பிற்பட்டது. அதற்கு முந்தைய காகிதங்களில் அதே ஆள் வேறு பெயரில், தகப்பன் பெயரோடு இருப்பார். தூய்ப்ளே காலத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

அப்படிச் சட்டம் மாறியவர்களில் நிறையப் பேர் வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குப் போனார்கள். 1862க்குப் பிறகு கொச்சின்சீனா (தெற்கு வியட்நாம்) பிரெஞ்சுக் காலனி ஆனதும் வரி வசூல், போலீஸ், சுங்கம், கோர்ட்டு குமாஸ்தா வேலைகளுக்கு பாண்டிச்சேரித் தமிழர்கள் கப்பலேறினார்கள். அங்கே சம்பாதித்து இங்கே மெத்தை கட்டினார்கள். உங்கள் வீட்டு மேல்மாடி வர்ணனையைப் படித்ததுமே எனக்கு அந்த நினைவுதான். கொச்சின்சீனா அன்னுவேர் (ஆண்டு மலர்) புத்தகங்களில் உத்தியோகஸ்தர் பட்டியல் வருஷாவருஷம் அச்சாகியிருக்கிறது, பிரான்சு தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பல ஆண்டுகள் கிடைக்கும். பிறப்பு, திருமணம், இறப்பு எத்தா சிவில் பதிவேடுகளை ஏக்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆவணக் காப்பகம் படமெடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறது. ஊரில் பிறந்த வருஷம் தோராயமாகத் தெரிந்தால் போதும்.


வடக்குவாசல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதையெல்லாம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

மெத்தைக்குப் போகும் கூடத்தில் இரும்பு உத்திரம் இருக்கிறது. பச்சைப் பெயிண்ட் நாலைந்து பூச்சு. சுரண்டினால் ‘டார்மன் லாங்’ என்று எழுத்து வந்தது. கீழ்க்கட்டு முற்றத்தைச் சுற்றி இரும்பே இல்லை, எல்லாம் தேக்குதான். மெத்தைத் தூண்கள் மூன்று வழவழப்பாக இருக்கின்றன. நாலாவதைச் சிமென்ட் பூசி மூடியிருக்கிறார்கள், அடியில் கைவைத்தால் உதிர்கிறது.

அப்பாவின் அத்தைக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். பிரெஞ்சுப் பத்திரத்தை அவரிடம் காட்டினேன், படிக்கத் தெரியாது. “வீடு யார் கட்டினதுன்னு கேக்கறியா? பாகூர் நிலம் போய்தான் இந்த வீடு வந்துதுன்னு எங்க ஆயா சொல்லும்” என்றார். வேறெதுவும் நினைவில்லை. துபாஷ் கதையை அவர் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, “அது ஆம்பளைங்க திண்ணையில பேசறது” என்றார்.

பத்திரத்தின் முதல் பக்கத்தையும், நீலப் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டிருக்கும் பக்கத்தையும் சொல்தா பேரனுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.


மேஸ்திரி மகன் எழுதியது:

டார்மன் லாங் இங்கிலாந்து இரும்பு. அந்தக் கம்பெனி ஆரம்பிச்சதே 1875ல. கூடத்து உத்திரம் முனையைச் சுத்தி வெடிப்பு, ஒட்டுப்பூச்சு ஏதும் இல்லாம இருந்தா மெத்தை அதுக்கப்புறம் கட்டினதுன்னு எழுதி வச்சுக்கலாம். கீழ்க்கட்டு அதைவிட மூத்தது. ரெண்டும் ஒரே கை இல்ல.

அந்த நாலாவது தூணை விட்டுடாதீங்க அக்கா. மழைக்கு முன்னாடி சிமென்ட்டைக் கொத்தி எடுத்துக் காயவிடணும்.


சொல்தா பேரன் எழுதியது:

அக்கா, இரண்டு தடவை படித்துவிட்டு, இங்கே இருக்கும் ஒரு நொத்தேர் அலுவலகத் தோழியிடமும் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் அனுமதி கொடுத்ததால் பெயர்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் போடுகிறேன்.

பத்திரம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டைச் சேர்ந்தது. வாங்கியவர் ஒரு பெண். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தாயார். அவர் கணவர் சைகோனில் அரசாங்கக் குமாஸ்தா. அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்தில் கல்யாணமான பெண் சொத்து வாங்கக் கணவன் சம்மதம் வேண்டும். கணவர் ஊரில் இல்லாததால் சைகோன் நொத்தேர் முன்னால் சம்மதம் எழுதி அனுப்பியிருக்கிறார், அதுவும் இணைப்பாகத் தைத்திருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால், புருஷன் பணத்தில் மனைவி பேரில் வாங்கியது என்று சொல்லிவிடலாம். ஆனால் நீலப் பென்சில் பக்கத்தில் இருப்பது வேறு. வாங்குவதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று தனியாக ஒரு வாக்குமூலம். தகப்பன் வழியில் தனக்கு வந்த, பாகூர்க் கொம்யூனில் இருந்த நஞ்சை நிலத்தை விற்ற பணம் இது, அந்த நிலத்துக்குப் பதிலாக இந்த வீடு தன் சொந்தச் சொத்தாக நிற்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். அதைத் தான் ஏற்றுக்கொள்வதாகவும் அவர் வாயாலேயே சொல்லிப் பதிந்திருக்கிறது. அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் வீடு தம்பதியின் பொதுச் சொத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். சட்டம் தெரிந்த யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவருக்கே தெரிந்திருக்கிறது. கடைசியில் கையெழுத்து தமிழில். கோடு நடுங்கவில்லை. கைநாட்டு இல்லை.

அவர் பெயரின் முதலெழுத்து ‘எம்’.

சொத்து வந்த வழியில், அதற்கு முந்தைய உரிமையாளர் ஒரு துணி வியாபாரி, அவருக்கு முன் அவர் தகப்பன். அதற்கு மேல், நெடுங்காலமாக அனுபவத்தில் இருப்பது என்று ஒரே வரியில் நிற்கிறது. இவர்கள் யாரும் உங்களுக்கு உறவினர் இல்லை. வாங்கும்போது இருந்தது முற்றத்தோடு கூடிய ஒற்றைக்கட்டு ஓட்டு வீடு, கிணறு, பின்னால் தென்னை. மெத்தை பத்திரத்தில் இல்லை.


வடக்குவாசல் எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. அத்தை சொன்ன ஒரு வரி அப்படியே பத்திரத்தில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் அந்த வரியைப் பெண்கள் வாயிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களில் அவருடையது இல்லை. சைகோன் தாத்தாவின் படம் இருக்கிறது, கோட்டும் மீசையுமாக.


வைசியாள்வீதி எழுதியது:

அக்கா, மனசார சந்தோஷம். ஆனாலும் நான் சொன்னதை முழுசாக விட மாட்டேன். கீழ்க்கட்டைக் கட்டியவர் இன்னும் கிடைக்கவில்லையே. முதல் உரிமையாளர் என்று கேட்டால் அவர்தானே? அந்தத் துணி வியாபாரியின் முன்னோர் தூய்ப்ளே காலத்தில் கும்பினிக்குச் சரக்குக் கொடுத்தவராக இருந்திருக்கலாம். துபாஷ் கதை வீட்டோடு வந்து, வாங்கிய குடும்பத்தின் கதையாக மாறியிருக்கலாம். வீடு கைமாறும்போது கதையும் கைமாறும். பாரதியார் இங்கே வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்றுதானே இன்று வரை சொல்கிறோம்? ஊர் எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.


மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

தம்பி சொல்வதில் சாரம் இருக்கிறது. கதை வீட்டோடு வந்திருக்கும் என்பது எனக்கும் ஏற்புடையதே. ஆனால் ‘முதல்’ என்பதை எவ்வளவு பின்னால் தள்ளிக்கொண்டு போவது? இந்த ஊர்த் தெருக்களின் நேர்கோட்டுத் திட்டமே 1693 முதல் 1699 வரை இருந்த ஒல்லாந்தர் போட்டது. அதற்கு முன் அங்கே யாருடைய குடிசை இருந்ததோ. இந்தக் குடும்பத்துக்கு இது பூர்வீக வீடு ஆனது அந்த அம்மாள் கையெழுத்துப் போட்ட நாளில். இந்தக் குடும்பம் தன் முதல் உரிமையாளர் என்று சொல்ல வேண்டியது அவரைத்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தூய்ப்ளேக்கு எத்தனையோ பேர் சாட்சி இருக்கிறார்கள். அவருக்கு இந்தக் காகிதம் ஒன்றுதான்.

வடக்குவாசல், இன்னொரு விஷயம். மெத்தையைக் கட்டியது சைகோன் பணமாக இருக்கலாம். ஆனால் கட்டும்போது ஊரில் இருந்து கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, சுண்ணாம்பு வண்டி வந்து சேர்ந்ததா என்று பார்த்தது யார்? கணவர் சைகோனில் அல்லவா இருந்தார். தகரப் பெட்டியில் தமிழில் எழுதிய கணக்குச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் கணக்கைத் தனியாக நோட்டில் வைக்க மாட்டார்கள். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதியிருப்பார்கள்.


சொல்தா பேரன் எழுதியது:

பாகப்பிரிவினைக்கும் இது முக்கியம் என்பதால் எழுதுகிறேன். வீடு அவருடைய சொந்தச் சொத்து, குடும்பம் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தது என்றால், அவருக்குப் பின் பிள்ளைகள் எல்லாருக்கும், மகள்கள் உட்பட, சமபங்கு. உங்கள் கொள்ளுத் தாத்தாவோடு பிறந்த பெண்கள் பங்கை விற்றார்களா, விட்டுக்கொடுத்தார்களா, அதற்கு ஆக்ட் உண்டா என்று பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். 1962 ஆகஸ்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் என்று ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால் வாரிசு எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவதே பெரிய வேலை. புதுச்சேரியிலேயே இந்தச் சட்டம் பழகிய வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.


நெறியாளர் எழுதியது:

சட்ட ஆலோசனையைப் பொதுவான தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளவும். பத்திரத்தின் படங்களைப் பொதுவில் யாரும் போட வேண்டாம்.


வடக்குவாசல் எழுதியது:

பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முதலில் ஏற்கவில்லை. துபாஷ் இல்லை என்றால் நம் குடும்பத்துக்கு என்ன பெருமை என்று கேட்டார். நான் கையெழுத்துப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பில்டருக்கு போன் போட்டு, பத்திரம் சரிபார்க்கும் வரை பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டார். விற்கவே மாட்டோம் என்று இதற்கு அர்த்தமில்லை. வாரிசுகள் பட்டியலை முதலில் எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. அதில் முதல் பெயராக அந்த அம்மாள் பெயர் வரும்.

மஞ்சக்குப்பத்தார் ஐயா, பெட்டியின் அடியில் பஞ்சாங்கம் இரண்டு கிடைத்தன. ஓரத்தில் ‘சு. வண்டி’, ‘கொ. கூலி’ என்று பென்சில் எழுத்து இருக்கிறது, எண்கள் பழைய தமிழ் எண்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? படம் எடுத்து வைத்திருக்கிறேன், தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.


மேஸ்திரி மகன் எழுதியது:

எங்க அப்பாவுக்குத் தமிழ் எண் தெரியும் அக்கா, எனக்கு அனுப்புங்க. தூண் வேலைக்கு ஞாயித்துக்கிழமை காலையில ஆளோட வரேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு நானே கொண்டுவந்துடறேன், கடையில பொடி வாங்கி வைக்காதீங்க.